நிற்பதற்கு முந்திய ஆண்டுகள்

சஞ்சிகைக் குழு மாணவிகள் வந்து, "ரீச்சர், சுகாதாரம் பற்றி ஒரு கட்டுரை வேணும்" என்று கேட்டபோது, டெங்கைப் பற்றியோ போசாக்கைப் பற்றியோ எழுதித் தருவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். நான் எழுத நினைத்தது உங்கள் வீட்டிலிருக்கும் ஒருவரைப் பற்றி. நாற்பத்தைந்து வயதைத் தாண்டி, காலையில் உங்களுக்கு முன் எழும்பி, இரவில் உங்களுக்குப் பின் படுக்கிற உம்மாவைப் பற்றி.

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். நான் வட்டுக்கோட்டைக்காரி என்பது உங்களுக்குத் தெரியும். தினமும் பஸ்ஸில் சித்தங்கேணி, சங்கானை, மானிப்பாய், ஆனைக்கோட்டை எல்லாம் கடந்து ஓட்டுமடத்தில் இறங்கி வருபவள். எனக்கு நாற்பத்தேழு வயதான ஆண்டு மார்கழியில் நல்ல மழை. வயலெல்லாம் நீர் நிறைந்து, வரம்புகளில் கொக்குகள் நின்றன. மற்ற வருடங்களில் யன்னலோர இருக்கைக்கு அவசரப்பட்டு ஓடி, அதைப் பார்த்துக்கொண்டு வருவேன். அந்த வருடம் யன்னலோரம் இருந்தும் என் கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டேயிருந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லக் காரணமில்லை. வீட்டில் சாவு இல்லை, கடன் இல்லை, சண்டை இல்லை. மழைச்சாரல் பட்டதுபோல முந்தானையால் துடைத்துவிட்டுப் பாடசாலைக்கு வந்து, எட்டாம் ஆண்டுக்குப் பாடம் நடத்தினேன்.

அதற்குப் பிறகு சமைக்கவும் மனமில்லை. இரவு இரண்டு மணிக்கு உடம்பு கொதித்து வியர்த்து விழிப்பு வரும். பிறகு விடியும்வரை நித்திரை இல்லை. வினாத்தாள் திருத்த எடுத்தால் ஒரே விடையை மூன்று தரம் வாசிப்பேன். சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் ஒருநாள் சொன்னாள்: "அம்மா, இப்ப நீங்கள் கதைக்கிறதெல்லாம் ஏச்சாத்தான் இருக்கு." அதைக் கேட்டு அவளை இன்னும் ஏசினேன். பிறகு கிணற்றடியில் போய் நின்று அழுதேன்.

சுகாதாரபாடம் படிப்பிக்கிற எனக்கே இது மாதவிடாய் நிற்கும் காலத்தோடு சம்பந்தப்பட்டது என்று தோன்றவில்லை. காரணம் எளிது. எனக்கு மாதவிடாய் நிற்கவில்லை. ஒரு மாதம் இருபத்திரண்டாம் நாளில், ஒரு மாதம் நாற்பதாம் நாளில் என்று ஒழுங்கில்லாமல் வந்துகொண்டுதான் இருந்தது. நின்ற பிறகுதான் பிரச்சினைகள் வரும் என்று நானும் நினைத்திருந்தேன். இந்தக் கட்டுரையில் ஒரு விடயத்தை மட்டும் நீங்கள் நினைவில் வைத்திருப்பீர்களானால் அது இதுவாக இருக்கட்டும்: மனம் அதிகம் அலைக்கழிவது பெரும்பாலும் மாதவிடாய் நிற்பதற்கு முந்திய சில ஆண்டுகளிலும், நின்றதையடுத்த ஓரிரு ஆண்டுகளிலும்தான்.

மருத்துவக் கணக்கில், தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் மாதவிடாய் வராதிருந்தால்தான் அது நின்றுவிட்டது என்பார்கள். மேலைநாடுகளில் அதன் சராசரி வயது 51 அளவில். இந்தியாவில் அதற்கு நான்கைந்து வருடம் முந்தி. அதற்கு முன்னரான மாறுகாலம் நான்கு வருடமும் இருக்கலாம், எட்டு வருடமும் இருக்கலாம். அந்தக் காலத்தில் உடம்புக்குள் நடப்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

ஒரு பெண்குழந்தை பிறக்கும்போதே அவளது சூலகங்களில் பத்து முதல் இருபது இலட்சம் சூல் புடைப்புகள் இருக்கின்றன. பெரியபிள்ளையாகும்போது மூன்று, நான்கு இலட்சமாகக் குறைந்திருக்கும். நாற்பதுகளின் பிற்பகுதியில் ஆயிரக்கணக்கில்தான் மிஞ்சும். மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி, "ஏன் வேலை நடக்கவில்லை?" என்று கேட்பதுபோலத் தன் ஓமோனைக் கூட்டிக் கூட்டி அனுப்பும். சூலகம் ஒரு மாதம் அதற்குப் பதில் சொல்லாது. அடுத்த மாதம் தேவைக்கு மேலாகவே ஈஸ்ரோஜனைச் சுரந்து தள்ளும். ஆகவே அந்த ஆண்டுகளில் ஈஸ்ரோஜன் படிப்படியாக இறங்கிப் போவதில்லை. ஏறி இறங்கித் தள்ளாடுகிறது.

இதை வகுப்பில் விளக்கும்போது நான் மின்சாரத்தை உதாரணம் சொல்வேன். தொண்ணூறுகளில் இந்தக் குடாநாட்டில் மின்சாரமே இல்லாமல் வாழ்ந்தோம். ஜாம் போத்தலில் பஞ்சைச் சுற்றி விளக்குக் கொளுத்திப் படித்தோம். இல்லை என்றால் இல்லை என்று பழகிக்கொண்டோம். ஆனால் மின்சாரம் கூடிக் குறைந்து வந்தால் குளிர்சாதனப் பெட்டி பழுதாகும், மின்குமிழ் வெடிக்கும். மூளையின் நிலையும் அப்படித்தான். செரோட்டோனின் போன்ற, மனநிலையோடும் நித்திரையோடும் தொடர்புடைய இரசாயனங்கள் ஈஸ்ரோஜனின் ஆட்டத்துக்கு ஆளாகின்றன. ஒரே அளவில் குறைந்துவிட்ட பிறகு பெரும்பாலான பெண்களின் மூளை அதற்குப் பழகிக்கொள்கிறது.

எல்லாருடைய மூளையும் இந்த ஆட்டத்துக்கு ஒரே மாதிரி அசைவதில்லை. 2015இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. மாறுகாலத்தில் மனச்சோர்வு வந்து குணமான பெண்கள் ஒரு பிரிவு. அப்படி ஒருபோதும் வராத பெண்கள் இன்னொரு பிரிவு. இரு பிரிவினருக்கும் மூன்று வாரங்கள் ஈஸ்ரோஜன் கொடுத்து, பிறகு அவர்களுக்கே தெரியாமல் சிலருக்கு அதை நிறுத்தி வெறும் போலி மருந்தைக் கொடுத்தார்கள். முன்பு மனச்சோர்வு வந்தவர்களுக்கு, ஈஸ்ரோஜன் நின்றதும் அறிகுறிகள் திரும்ப வந்தன. மற்றவர்களுக்கு ஈஸ்ரோஜன் நின்றும் ஒன்றும் ஆகவில்லை. "நாங்களும் இந்த வயதைத் தாண்டித்தானே வந்தோம், எங்களுக்கு ஒண்டும் வரேல்லையே" என்று மாமிமாரும் மூத்த மச்சாள்மாரும் சொல்வதுண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுடைய மூளை அந்த இரண்டாவது பிரிவைச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

1996 முதல் அமெரிக்காவில் ஏழு இடங்களில், 42 முதல் 52 வயதுக்குட்பட்ட மூவாயிரத்து முந்நூறு பெண்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வொன்று உண்டு. மாறுகாலத்திலும் அது முடிந்த தொடக்க ஆண்டுகளிலும், மருத்துவரீதியான மனச்சோர்வு வரும் வாய்ப்பு முன்னைய காலத்தைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு கூடுதல் என்று அதில் கண்டார்கள். மடங்குக் கணக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெரும்பாலான பெண்கள் அந்த நோய் இல்லாமலே இந்தக் காலத்தைக் கடக்கிறார்கள். ஆனால் இளமையில் ஒருதரம் மனச்சோர்வு வந்தவர்கள், பிள்ளைப்பேற்றின் பின் மனம் உடைந்தவர்கள், வாழ்க்கையில் பெரும் இடர்களைக் கண்டவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

பெரும் இடர் என்றதும் நம்மவர்களின் வயதைக் கணக்குப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் வீடுவாசலை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995இல் அதே ஒக்டோபர் 30இல், வலிகாமத்து மக்களாகிய நாங்கள் மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தோம். முதலாவது பயணத்தில் உம்மாவின் கையைப் பிடித்து நடந்த பதினான்கு, பதினைந்து வயதுச் சிறுமிகளும், இரண்டாவது பயணத்தில் சைக்கிளில் மூட்டை கட்டி உருட்டிய என் போன்ற குமர்ப்பிள்ளைகளும் இப்போது ஐம்பதைத் தொட்டோ தாண்டியோ நிற்கிறோம். புத்தளத்துக் கொட்டிலில் பெரியபிள்ளையானவர்களுக்கு இன்று மாதவிடாய் நிற்கிறது. ஓமோன் தள்ளாடும் அதே ஆண்டுகளில் பழைய நினைவுகளும் நித்திரையைக் கெடுத்தால், அதை வெறும் "வயசு போற குணம்" என்று சொல்லி ஒதுக்குவது நியாயமல்ல.

இந்த இடத்தில் என் ஊரைப் பற்றி ஓர் இடைச்செருகல். 1847இல் அமெரிக்க மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் முதலில் தங்கியது வட்டுக்கோட்டையில்தான். அடுத்த ஆண்டு மானிப்பாய்க்கு மாறினார். அவர் தமிழ் கற்று, தமிழிலேயே மருத்துவம் படிப்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். "பிரசவ வைத்தியம்" என்ற நூல் 1857இல் அச்சானது. ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றித் தமிழில், தயக்கமில்லாமல், கலைச்சொல் கட்டி எழுத முடியும் என்று நூற்று அறுபது வருடத்துக்கு மேலாகவே இந்த மண்ணில் காட்டியாயிற்று. இருந்தும் இன்றைக்கு இந்த மாறுகாலத்துக்கு வீட்டில் புழங்கத் தக்க ஒரு சொல் எங்களிடம் இல்லை. தொடக்கத்துக்குச் சாமத்தியச் சடங்கு வைத்து, கூறைச்சேலை உடுத்தி, அல்பம் அடித்து ஊரைக் கூட்டுகிறோம். முடிவுக்கு ஒரு பெயர்கூட இல்லை. "நிண்டிட்டுது" என்று குசினிக்குள் மெல்லிய குரலில் சொல்வதோடு சரி.

மனச்சோர்வுக்கும் வீட்டில் புழங்கும் சொல் இல்லை. "ஒரே யோசினையாக் கிடக்கு" என்பார்கள். அல்லது உடம்பைச் சொல்வார்கள்: உடம்பு உலைவு, தலைக்குள்ள விறைப்பு, நெஞ்சுக்குள்ள எரிவு, பெருமூச்சு. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம், நம் மக்களிடம் மனத்துயர் உடல்நோவாக வெளிப்படுவதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆகவே வெளிநோயாளர் பிரிவுக்குப் போகிற பெண் வாய்வுக் குளிசையோடும் பனடோலோடும் திரும்பி வருகிறாள். எனக்கும் அதுதான் நடந்தது. நான் போய்ப் பார்த்த வைத்தியர் ஒருவர் தலை நிமிராமலே, "வயசு போகேக்க எல்லாருக்கும் உப்பிடித்தான் ரீச்சர்" என்று சொல்லி விற்றமின் எழுதித் தந்தார்.

இந்த அலட்சியத்துக்கு எதிர்ப்பக்கமும் ஒன்று இருந்தது. 1896இல் ஜேர்மனிய உளமருத்துவர் எமில் கிரெப்பெலின், நடுவயது தாண்டியவர்களுக்கு வரும் மனச்சோர்வைத் தனி நோயாகப் பெயரிட்டார். அதன்பின் பல தசாப்தங்களாக, மாதவிடாய் நிற்பதே ஒரு மனநோய் என்பதுபோலப் பேசப்பட்டது. 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் வகைப்பாட்டிலிருந்து அந்தப் பெயர் நீக்கப்பட்டது. நல்லதுதான். ஆனால் தனி நோய் இல்லை என்றதும், பிரச்சினையே இல்லை என்பதுபோல ஆகிவிட்டது. மாறுகால மனச்சோர்வை எப்படி மதிப்பிட்டு எப்படிச் சிகிச்சை அளிப்பது என்று நிபுணர்கள் முதன்முதலாக வழிகாட்டிக் குறிப்புகளை வெளியிட்டது 2018இல்தான். என் பஸ் பயணக் கண்ணீருக்கும் அதற்கும் இடையில் அதிக காலம் இல்லை.

"பிள்ளைகள் வெளிக்கிட்டுப் போனதால்தான் அம்மாமாருக்கு இந்தக் கவலை" என்றும் சொல்லப்படுவதுண்டு. அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ணில் 438 பெண்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு, கடைசிப் பிள்ளை வீட்டைவிட்டுப் போன பிறகு பெண்களின் மனநிலை நன்றாகவே ஆனது என்று கண்டது. இதை வாசித்துச் சிரித்தேன். மெல்பேர்ண் பிள்ளை வீட்டை விட்டுப் போனால் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்துவிடும். எங்கள் பிள்ளைகள் கனடாவுக்குப் போகிறார்கள். வட்ஸ்அப்பில் முகம் மட்டும் வருகிறது. அந்த முடிவை அப்படியே இங்கே பொருத்த நான் தயாரில்லை.

இனி, என்ன செய்வது என்பதற்கு வருவோம். நான் என் பிள்ளைத்தாச்சிக் காலத்திலிருந்து அறிந்த குடும்ப சுகாதார உத்தியோகத்தர் ஒருவர்தான் என்னை மீட்டவர். வழியில் கண்டு, "ஏன் ரீச்சர் இப்பிடி வாடிப்போனியள்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் அழுதேன். அவர் என்னைச் சுகவனிதையர் கிளினிக்குக் கூட்டிப்போனார். 1996 முதல் நாடு முழுவதும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் நடக்கும் கிளினிக் அது. முப்பத்தைந்து வயதைத் தொட்ட பெண்களுக்கு இலவசமாக இரத்த அழுத்தம், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து எல்லாம் பரிசோதிக்கிறார்கள். மாதவிடாய் நிற்கும் காலத்துப் பிரச்சினைகளையும் அங்கே வாய் திறந்து சொல்லலாம். அங்கே வருவது பெண்கள்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரத்தப் பரிசோதனையில் எனக்கு ஹீமோகுளோபின் மிகக் குறைவாக இருந்தது. மாறுகாலத்தில் சிலருக்கு இரத்தப்போக்கு அளவுக்கு மிஞ்சிப் போகும். அதனால் வரும் இரத்தச்சோகை களைப்பையும் சோர்வையும் இரட்டிப்பாக்கும். தைரொயிட் குறைந்தாலும் இதே அறிகுறிகள்தான். ஆகவே இந்த வயதுப் பெண் ஒருவர் சோர்ந்து போனால் எல்லாவற்றையும் மனத்தின் மேலும் போடக் கூடாது, எல்லாவற்றையும் மாதவிடாயின் மேலும் போடக் கூடாது. முதலில் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். இன்னொன்று: முற்றாக நின்று ஒரு வருடம் கழிந்த பின் மீண்டும் இரத்தம் கண்டால் அது கட்டாயம் வைத்தியரிடம் காட்ட வேண்டியது.

இரும்புச்சத்துக் குளிசையால் களைப்புக் குறைந்தது; மனம் மாறவில்லை. பின்னர் உளநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் அந்தப் பிரிவுகள் இருக்கின்றன, கட்டணம் இல்லை. போவதற்கு முதல் நான் இரண்டு கிழமை தயங்கினேன். நாங்கள் சிறுவயதில் ஒருவரை ஒருவர் "மந்திகைக்கு அனுப்ப வேணும்", "அங்கொடைக் கேஸ்" என்று பகிடி பண்ணியவர்கள்தானே. அந்தப் பகிடி என் நாற்பத்தேழு வயதில் என்னையே வாசலில் மறித்தது. உள்ளே போனபோது அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் என்னைப்போலச் சாதாரணமான, கையில் குடையும் பையும் வைத்திருந்த அம்மாமார்.

எனக்கு உளவளத்துணையும், ஒன்பது மாதம் மனச்சோர்வுக்கான குளிசையும் தரப்பட்டன. குளிசை வேலை செய்ய மூன்று, நான்கு வாரம் எடுத்தது. முதல் வாரத்திலேயே "ஒண்டும் மாறேல்லை" என்று நிறுத்துபவர்கள் அதிகம் என்று அங்கிருந்த தாதி சொன்னார். சில பெண்களுக்கு, குறிப்பாக உடம்பு கொதித்து வியர்ப்பதும் நித்திரைக் குழப்பமும் கடுமையாக உள்ளவர்களுக்கு, ஓமோன் சிகிச்சையும் உதவும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும் இரத்தம் கட்டிபடும் நோய் உள்ளவர்களுக்கும் பொதுவாக அது பொருந்தாது. வைத்தியர் தீர்மானிக்க வேண்டியது அது. அயலவளின் குளிசையை வாங்கிப் போடுவது அல்ல. மாலையில் அரை மணி நேரம் நடப்பதும், பின்னேரத் தேநீரைக் குறைப்பதும் எனக்குச் சிறு உதவிகளாக இருந்தன. அவை மட்டும் என்னைக் குணமாக்கியிருக்கும் என்று சொல்லமாட்டேன்.

மாணவிகளே, உங்களுக்கு ஒரு விடயம். உங்களுக்குப் பதினாறு வயது; உம்மாவுக்கு நாற்பத்தேழு. உங்கள் உடம்பில் ஓமோன்கள் ஒழுங்காகப் பழகிக்கொண்டிருக்கும் அதே காலத்தில் அவருடைய உடம்பில் ஒழுங்கு குலைந்துகொண்டிருக்கிறது. ஒரே கூரையின் கீழ் இரண்டு மழைக்காலம். உங்கள் கோபத்துக்கு "குமர் வயசு" என்று எல்லாரும் விட்டுக்கொடுக்கிறார்கள். அவருடைய கோபத்துக்கு யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. ஓரிரு நாள் எரிச்சல் எல்லாருக்கும் உள்ளது. ஆனால் இரண்டு கிழமைக்கு மேலாக, பெரும்பாலான நேரம் முகம் வாடியிருந்தால், விரும்பிச் செய்த தையலையோ பூக்கன்றையோ தொடாமல் விட்டால், சாப்பாடும் நித்திரையும் மாறினால், "நான் ஆருக்கும் பிரயோசனமில்லை" என்று அடிக்கடி சொன்னால், அதை வாப்பாவிடமோ பெரியம்மாவிடமோ சொல்லுங்கள். "செத்துப்போனால் நல்லது" என்ற சொல் வந்தால் அன்றைக்கே செயற்பட வேண்டும். அவரைத் தனியே விட வேண்டாம். 1926 என்ற தேசிய உளநல உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

வாப்பாமாருக்கும் ஒரு வார்த்தை. என் கணவர் அந்த ஆண்டு ஒரே ஒரு வேலையைத்தான் புதிதாகச் செய்தார். கிளினிக் நாட்களில் தன் வேலைக்கு லீவு போட்டு என்னைக் கூட்டிப்போனார். வாங்கில் பக்கத்தில் பேப்பர் வாசித்துக்கொண்டு இருந்தார். அறிவுரை சொல்லவில்லை. அது போதுமாக இருந்தது.

சென்ற ஆண்டு பெற்றோர் கூட்டம் முடிந்தபின் ஒரு தாய் வகுப்பறை வாசலில் நின்றார். மகளின் புள்ளிகளைப் பற்றிக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். "ரீச்சர், தொழுகையில மனசு நிக்குதில்ல. ஓதப் போனாலும் அழுகதான் வருது. எனக்கு ஈமான் குறைஞ்சு போச்சோ எண்டு பயமாக் கிடக்கு" என்றார். மாதவிடாய் நாள் தவறித் தவறி வருவதால் எந்த நாள் தொழலாம், எந்த நோன்பைக் கழாச் செய்ய வேண்டும் என்று குழம்பிப் போயிருந்தார். மார்க்கச் சட்டத்தை ஆலிமாவிடம் கேட்கச் சொன்னேன்; அது எனக்குத் தெரிந்த துறை அல்ல. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மேலே எழுதியதெல்லாம் அன்று அந்த வாசலில் நின்று அவருக்குச் சொன்னதுதான். அடுத்த கிழமையே கிளினிக்குக்குப் போனார்.

இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வந்தார். பரிசோதனையில் தைரொயிட் குறைவு என்று கண்டிருக்கிறார்கள். காலையில் வெறும் வயிற்றில் போடக் குளிசை கொடுத்திருக்கிறார்கள். மாறுகாலமும் சேர்ந்தே இருக்கிறதாம், அதையும் பார்க்கிறார்களாம். முகத்தில் கொஞ்சம் இரத்தம் ஊறியிருந்தது. போகும்போது திரும்பி நின்று கேட்டார்: "நோன்பு வந்தா இந்தக் குளிசைய எப்ப போடுற ரீச்சர்?"

"அதையும் டொக்டரிட்ட கேளுங்கோ" என்றேன். அன்றைக்குத்தான் அவர் சிரித்ததை முதன்முதலாகப் பார்த்தேன்.